செடிக்கும் ஒரு டிரை வெயிட்

டயாலிசிஸ் பிரிவில் அவளுக்குப் புயல் என்று பெயர். வைத்தவர் பஸ் கண்டக்டராக இருந்து ரிடையர் ஆன ஒரு நோயாளி. அவள் மாப்பை எடுத்துக்கொண்டு ஹாலுக்குள் நுழைந்தால் பெஞ்சில் இருப்பவர்கள் தாமாகவே காலைத் தூக்கிக்கொள்வார்கள். தூக்காத கால் டாக்டருடையதாக இருந்தாலும் அதையும் சேர்த்துத் துடைத்துவிட்டுப் போய்விடுவாள். "புயல் கரையைக் கடக்குது, எல்லாரும் பத்திரமா இருங்க" என்று கண்டக்டர் அறிவிப்பார். அவளும் சிரித்துக்கொண்டே, "வாயைத் தூக்கி மேல வைங்கண்ணே, காலை இல்ல" என்பாள்.

பதினோரு வருடமாக அங்கே துப்புரவு வேலை. உள்ளே எட்டு மெஷின், ஒரு நாளைக்கு மூன்று பேட்ச். வெளியே காத்திருக்கிற ஹாலில் நீளமான ஒரு பெஞ்ச், கிழக்கே பார்த்த பெரிய ஜன்னல், ஜன்னலுக்குப் பக்கத்தில் எடை பார்க்கிற மெஷின். அந்த மெஷினுக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு பெரிய மண் தொட்டி. அதில் இடுப்புயரத்துக்கு ஒரு கார்டினியா. வருடம் முழுக்க இலை கொட்டாமல், எண்ணெய் தடவியது போன்ற பச்சையோடு நிற்க வேண்டிய புதர்ச்செடி. வெள்ளையாகப் பூக்கும், ஹால் முழுக்க மணக்கும் என்று கொடுத்தவர் சொல்லியிருந்தார்.

இப்போது அது மணக்கவும் இல்லை, பச்சையாகவும் இல்லை. இலையில் நரம்பு மட்டும் பச்சை, மிச்சமெல்லாம் மஞ்சள். நுனியெல்லாம் பீடி வைத்துச் சுட்டது போலக் கருகியிருந்தது. வந்த மொட்டெல்லாம் விரியாமலே உதிர்ந்தன.

பிரிவின் பொறுப்பில் இருந்த பெரிய சிஸ்டர் ஒரு திங்கட்கிழமை அதன் முன்னால் நின்று இடுப்பில் கை வைத்தார்.

"அக்கா, மூணு மாசத்துல இங்க பெயின்ட் அடிக்க வர்றாங்க. அதுக்குள்ள இது தேறலைன்னா தூக்கிப் போட்டுடுங்க. ரெண்டு பிளாஸ்டிக் செடிக்கு எழுதிக் குடுத்தாச்சு. அதுக்கு வாடவும் தெரியாது, சாகவும் தெரியாது."

"சரி சிஸ்டர்" என்றாள் புயல். அன்றைக்குத் தரை வழக்கத்தைவிட அதிகமாகத் தேய்ந்தது.

செடியைக் கொடுத்தவர் பேக்கரி வைத்திருந்த ஒருவர். நான்கு வருடம் வாரத்துக்கு மூன்று நாள் வந்து போனவர். மனைவியின் கிட்னி பொருந்தி, ஆபரேஷன் முடிந்து, கன்னத்தில் சதையோடு ஒரு நாள் வந்தார். டாக்டருக்கு ஒரு பேனா, சிஸ்டர்களுக்குப் பெரிய கேக். தொட்டியை மட்டும் நேராக இவள் முன்னால் இறக்கி, "இது உங்க பொறுப்பு அக்கா" என்றார்.

பதினோரு வருடத்தில் அவளிடம் எத்தனையோ பொருட்கள் ஒப்படைக்கப்பட்டிருக்கின்றன. வாளி, பினாயில், ஊசி போடுகிற டப்பா. எல்லாம் ஆஸ்பத்திரியுடையவை. அவள் துடைத்த தரை மதியத்துக்குள் மறுபடி தரையாகிவிடும். அவள் கழுவிய பாத்ரூம் பத்து நிமிடம் தாங்கினால் பெரிய விஷயம். அவள் கை பட்ட எதுவும் அன்று சாயங்காலம் வரை தங்கியதில்லை. இந்தச் செடி மட்டும்தான் நேற்று விட்ட இடத்தில் இன்றைக்கு நின்றது, சில நாள் ஒரு இலை கூடுதலாகவும் நின்றது. அது செத்தால், பேக்கரிக்காரர் செக்கப்புக்கு வரும்போது எந்த முகத்தோடு அவரைப் பார்ப்பது என்பது ஒரு கவலை. அதைவிடப் பெரியது, தனக்குத் தானே என்ன சொல்லிக்கொள்வது என்பது.

வீட்டில் மகள் இருந்தாள். அந்தக் குடும்பத்திலேயே முதன்முதலாக டிகிரி வாங்கியவள். புள்ளியியல். வாங்கி ஏழு மாதம் ஆகிறது. சான்றிதழ் பிளாஸ்டிக் உறைக்குள் பீரோவில் பத்திரமாக இருக்கிறது. வேலைதான் இன்னும் அவளைத் தேடி வரவில்லை. அம்மா கேட்டதும் போனை எடுத்துத் தேடினாள்.

"ஒருத்தன் தண்ணி பத்தலைங்கறான். ஒருத்தன் தண்ணி ஜாஸ்திங்கறான். இன்னொருத்தன் செடிகிட்ட அன்பா பேசச் சொல்றான்."

"மூணு வருஷம் படிச்சதுக்கு ஒரு பதிலைச் சொல்லுடி."

"படிச்சதுல ஒண்ணு தெரியும்மா. அளந்து பாக்காம எதையும் சொல்லக் கூடாது."

"அது சரி. வேலையும் இப்படி அளந்து பாத்துதான் போவியா?"

மகள் சிரித்துவிட்டுப் போனைத் திருப்பி வைத்தாள். சிரிப்பு கொஞ்சம் சீக்கிரமே முடிந்துபோனதை அம்மா கவனித்தாள். மேலே கிண்டவில்லை.

அவளுக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான். வாடினால் தண்ணீர். டயாலிசிஸ் மெஷினுக்குத் தண்ணீர் சுத்தம் செய்கிற அறையில் ஒரு குழாய் உண்டு. அதில் எந்நேரமும் தெளிவான தண்ணீர் வெளியே ஓடிக்கொண்டிருக்கும். வீணாகப் போகிறதே என்று வயிறு எரிந்து, அவள் அதை வாளியில் பிடித்துத் தரை துடைப்பாள். செடிக்கும் அதுதான், தினம் ஒரு குவளை. சிஸ்டர் சொன்ன நாளிலிருந்து இரண்டு குவளை. செடி இன்னும் மஞ்சளானது.

பிறகு மகள் பேச்சைக் கேட்டு, ஒரு வாரம் தண்ணீரையே நிறுத்திப் பார்ப்போம் என்று முடிவு செய்தாள். மூன்றாவது நாள் காலையில் பார்த்தால் தொட்டிக்குக் கீழே குளம். அடித்தட்டு நிரம்பி வழிந்திருந்தது.

புயலுக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. அடுத்த பேட்ச் வருகிற நேரம் பார்த்து, மாப்போடு கதவுக்குப் பின்னால் போய் நின்றாள்.

முதலில் வந்தவர் கண்டக்டர். இடமும் வலமும் பார்த்தார். தோள்பையிலிருந்து பாட்டிலை எடுத்தார். அதில் கால்வாசி தண்ணீர் இருந்தது. ஒரு முறை ஆசையோடு பார்த்தார். பிறகு, குழந்தையைத் தொட்டிலில் போடுகிற மாதிரி பக்குவமாக, அத்தனையையும் செடிக்கு ஊற்றிவிட்டு எடை மெஷினில் ஏறினார். அடுத்து தையல்காரம்மா. அவரும் அப்படியே ஊற்றினார். அடுத்து இன்னொருவர். வரிசையில் நின்று ஊற்றினார்கள்.

விஷயம் புரிய அவளுக்கு வெகு நேரம் ஆகவில்லை. கிட்னி வேலை செய்யாதவர்களுக்குக் குடித்த தண்ணீர் வெளியேற வழி கிடையாது, உடம்பிலேயே தங்கும். அதனால் ஒரு நாளைக்கு இத்தனை குவளைதான் என்று கணக்கு. வந்ததும் எடை மெஷினில் ஏற்றுவார்கள். அவரவருக்கு ஒரு டிரை வெயிட் உண்டு, அதாவது கூடுதல் தண்ணீர் எதுவும் தேங்காதபோது இருக்கிற எடை. அதற்கு மேல் ஏறியிருப்பதெல்லாம் தண்ணீர். கிலோ கூடியிருந்தால் பெரிய சிஸ்டரிடம் அர்ச்சனை நிச்சயம். கையில் பாட்டிலோடு மாட்டினால் இரட்டை அர்ச்சனை. ஆகவே மெஷினில் ஏறுவதற்கு முன், ஆசையையும் ஆதாரத்தையும் ஒன்றாகச் செடியில் கொட்டிவிடுவது அங்கே வழக்கமாகியிருந்தது. எட்டுப் பேர், மூன்று பேட்ச். அதற்கு மேல் இவளுடைய இரண்டு குவளை.

"கண்டக்டரண்ணே!" என்று கதவுக்குப் பின்னாலிருந்து வெளிப்பட்டாள்.

அவர் மெஷின் மேலேயே துள்ளினார். முள் ஆடியது.

"ஐயோ, எடை ஏறப் போகுது, பயமுறுத்தாதே."

"எத்தனை நாளா நடக்குது இது?"

"நம்மால குடிக்க முடியல, அதுவாச்சும் குடிக்கட்டுமேன்னு..." என்று இழுத்தார். "அது ரொம்பக் கஷ்டம் புயலு. தண்ணிய வாஷ்பேசின்ல கொட்ட மனசு வராது. யாராச்சும் குடிச்சா நல்லாருக்கும்னு தோணும்."

திட்ட வாயெடுத்தவள் மூடிக்கொண்டாள். தையல்காரம்மா தொட்டியைக் குனிந்து பார்த்தார். "ஐயோ பாவம், நம்ம எல்லாரோட தண்ணியும் இது ஒண்ணே குடிச்சுருக்கே."

தண்ணீர் அறையின் டெக்னீஷியன், சத்தம் கேட்டு வெளியே வந்தவர், தொட்டி மண்ணின் மேல் சுண்ணாம்பு பூசியது போல் படிந்திருந்த வெள்ளையை நகத்தால் சுரண்டினார். "அக்கா, எந்தக் குழாய்ல பிடிச்சு ஊத்துனீங்க?"

"அதோ, வீணா ஓடுமே, அதுலதான்."

"அது வீணா ஓடல. தண்ணில இருக்கிற உப்பையெல்லாம் பிரிச்சு வெளிய தள்றோம்ல, அது மொத்தமும் அந்தக் குழாய்லதான் போகுது. தரைக்கு ஓகே. செடிக்கு உப்புக் கரைசல்."

பெஞ்சில் இருந்தவர்கள் எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். கண்டக்டர் மட்டும் மெதுவாக, "அப்ப கேஸ்ல முதல் குற்றவாளி யாரு?" என்றார். புயல் மாப்பை ஊன்றி நின்று, முதலில் முறைத்து, பிறகு அடக்க முடியாமல் சிரித்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை பிரிவுக்கு விடுமுறை. மகளையும் கூட்டிக்கொண்டு வந்தாள். ஆஸ்பத்திரிக்குப் பின்னால் நிழலில் செய்தித்தாளை விரித்துத் தொட்டியைச் சாய்த்தார்கள். மண் கட்டியாக வெளியே வந்தது. வந்ததும் இருவரும் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். புளித்துப்போன வாடை. பழுப்பு வேர்களை விரலால் இழுத்தால், வேகவைத்த நூடுல்ஸ் போலத் தோல் உருவிக்கொண்டு வந்தது. நடுவில் மட்டும், குச்சி போல விறைப்பாக, வெளிறிய வேர் கொஞ்சம்.

"இது போதுமாம்மா?"

"நமக்கு இருந்ததே அவ்ளோதான். வந்துடலையா?"

அழுகியதையெல்லாம் வெட்டினார்கள். இத்தனை குறைந்த வேரால் அத்தனை கிளையைத் தாங்க முடியாது என்று மகள் எங்கோ படித்திருந்தாள். மேலேயும் மூன்றில் ஒரு பங்கை வெட்டினார்கள். ஒவ்வொரு கிளைக்கும் புயல் கண்ணை மூடிக்கொண்டாள். பழைய தொட்டியில் பாதி அளவுள்ள பிளாஸ்டிக் தொட்டி. அடியில் நிறைய ஓட்டை. தேங்காய் நாரும் மக்கிய இலையும் கொஞ்சம் பருமணலும் கலந்த புது மண். தண்ணீருக்கு டெக்னீஷியன் வழி சொல்லியிருந்தார்: தினமும் காலையில் சோதனைக்காகப் பிடித்துவிட்டுக் கீழே கொட்டுகிற சுத்தத் தண்ணீரில் தேவைப்படுகிற அளவு.

"இனிமே எப்ப ஊத்தறது?" என்றாள் மகள். "விரலை விட்டுப் பாத்தா மேல காஞ்சிருக்கு, உள்ள ஈரமாருக்கு. ஒண்ணும் பிடிபடல. அளக்க ஏதாவது இருந்தா..."

சொல்லிவிட்டு நிறுத்தினாள். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் ஜன்னல் வழியாக ஹாலுக்குள் பார்த்தார்கள்.

மறுநாள் விடிந்து சிஸ்டர் வந்தபோது, எடை மெஷின் மேல் செய்தித்தாள் விரித்து, அதன் மேல் தொட்டி கம்பீரமாக உட்கார்ந்திருந்தது.

"என்ன இது? இது நோயாளிங்க ஏறுற மெஷின்!"

"இதுவும் நோயாளிதான் சிஸ்டர்" என்றாள் புயல். "முழுசா ஊத்தி, வடிஞ்சதும் பத்து கிலோ இருநூறு. தினம் பாக்கப் போறேன். மண்ணு விரல் ஆழத்துக்குக் காயுற அன்னைக்கு என்ன எடையோ அதுதான் இதோட டிரை வெயிட். அதுக்கு வந்தாத்தான் தண்ணி. யாரும் ஏறுறதுக்கு முன்னாடி, ஸ்பிரிட் போட்டுத் துடைச்சுடுவேன்."

சிஸ்டர் வாயைத் திறந்தார். இருபது வருடமாக அதே கணக்கைத்தான் மனிதர்களுக்குப் போட்டுக்கொண்டிருந்தார். திறந்த வாயிலிருந்து கடைசியில் வந்தது, "காலைல ஒரே நேரத்துல பாருங்க. நேரம் மாறினா ரீடிங் தப்பா வரும்" என்பதுதான்.

மகள் ஒரு சார்ட் பேப்பரில் கட்டம் போட்டுக் கொடுத்தாள். கீழே தேதி, பக்கத்தில் கிலோ. சுவரில் ஒட்டினார்கள். பத்து இருநூறிலிருந்து கோடு படி இறங்குவது போல இறங்கி, ஆறாம் நாள் எட்டைத் தொட்டது. புயல் விரலை விட்டாள், காய்ந்திருந்தது. எட்டு என்று சிவப்பு மையில் குறுக்கே ஒரு கோடு போட்டாள்.

ஹாலே மாறிப்போனது. வருகிறவர்கள் தங்கள் எடையைப் பார்க்கும் முன் செடியின் எடையைப் பார்த்தார்கள். பாட்டிலில் மிஞ்சுகிற தண்ணீரைக் கொட்ட, பக்கத்திலேயே புயலின் வாளி வைக்கப்பட்டது. தரை துடைக்க ஆயிற்று. புதிதாக வந்த ஒருவர் தெரியாமல் தொட்டியில் ஊற்றப் போக, கண்டக்டர் விசில் அடிக்காத குறையாகக் கத்தினார்: "யோவ், அதுக்குத் தண்ணிக் கட்டுப்பாடு இருக்குய்யா! நம்மாளு!"

ஆனால் செடி இதையெல்லாம் கேட்டதாகத் தெரியவில்லை. இரண்டாவது வாரம் மிச்சமிருந்த இலைகளும் உதிர ஆரம்பித்தன. நான்காவது வாரம் வெறும் குச்சி. அந்த வாரம்தான் பிளாஸ்டிக் செடிகள் பெரிய அட்டைப்பெட்டியில் வந்து இறங்கின. சிஸ்டர் பெட்டியைப் பிரிக்கவில்லை. ஆனால் பெட்டி செடிக்கு எதிரிலேயே நின்றது. புயல் துடைக்கும்போதெல்லாம் மாப் தவறாமல் அந்தப் பெட்டியில் இடித்தது.

"நான் வெட்டினதுல செத்துப் போச்சோ?" என்று ஒரு நாள் வீட்டில் கேட்டாள். "எனக்கு எதுக்கு இந்த வேலையெல்லாம்? படிச்சவங்க செய்யுறது."

"படிச்சவ நான்தான்மா உன்கூட சேர்ந்து வெட்டுனேன்" என்றாள் மகள். "எனக்கும் தினம் அதுதான் தோணுது. கோடு போட்டா மட்டும் செடி வளர்ந்துடுமான்னு." பிறகு, "கிளையை நகத்தால லேசா கீறிப் பாரு. உள்ள பச்சைன்னா இருக்கு. பழுப்புன்னா இல்ல" என்றாள்.

மறுநாள் காலை எடை பார்த்து முடித்ததும், எல்லார் முன்னாலும் கீறினாள். முதல் கிளை நுனியில் பழுப்பு. நான்கு விரல் கீழே கீறினாள். காகிதம் போன்ற மேல்தோலுக்கு அடியில், நகக்கண் அளவுக்கு, ஈரமான பச்சை.

"சிஸ்டர்!" என்று தையல்காரம்மாதான் கத்தினார். சிஸ்டர் ஓடி வந்து, யாருக்கோ மயக்கம் என்று நினைத்து பி.பி. மெஷினோடு நின்றார். பச்சையைக் காட்டினார்கள். கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். "ம்ம். பல்ஸ் இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார். போகிற வழியில் அட்டைப்பெட்டியைக் காலால் கொஞ்சம் ஓரமாகத் தள்ளினார்.

ஏழாவது வாரம் அந்த இடத்திலிருந்தே துளிர் வந்தது, அரிசி முனை அளவு. அதற்குப் பிறகு அதைப் பிடித்து நிறுத்த முடியவில்லை. பத்தாவது வாரத்தில் கிளைக்குக் கிளை இலை, ஜன்னல் வெயில் அதில் வழுக்கியது. எட்டு வந்தால் தண்ணீர், எட்டு வந்தால் தண்ணீர். சுவரில் கோடு மலை ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

பெயின்ட் அடிக்க ஆட்கள் வருவதற்கு முதல் நாள். புயல் காலை ஐந்தரைக்கு ஹால் விளக்கைப் போட்டாள். செடி தலையைத் தொங்கப் போட்டிருந்தது. அத்தனை புது இலையும் துவண்டு, துணி காயப் போட்டது போலத் தொங்கின. தூக்கி மெஷினில் வைத்தாள். சரியாக எட்டு.

எட்டுதானே? எட்டில் துவளக் கூடாதே? மறுபடியும் வேர் அழுகிவிட்டதா? பத்து வாரத்துக்கு முன்பு என்றால் இரண்டு குவளை எடுத்து ஊற்றியிருப்பாள். இப்போது குவளையைத் தொடக்கூட பயமாக இருந்தது. சிஸ்டர் வரும் வரை தொட்டி பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்திருந்தாள். அவள் உட்கார்ந்து அந்த ஹால் பார்த்ததில்லை. முதல் பேட்ச் ஆட்கள் வந்து சுற்றி நின்றார்கள்.

சிஸ்டர் வந்தார். இலையைப் பார்த்தார், மெஷினைப் பார்த்தார், சார்ட்டைப் பார்த்தார். மண்ணில் விரலை விட்டார். முழு விரலும் காய்ந்தே வெளியே வந்தது.

"சிவப்புக் கோடு எப்பப் போட்டது?"

"முதல் வாரம் சிஸ்டர்."

சிஸ்டர் தையல்காரம்மா பக்கம் திரும்பினார். "போன மாசம் உங்களுக்கு மெஷின்ல படுக்கும்போது காலெல்லாம் பிடிச்சு இழுத்துச்சே, தலை சுத்துச்சே, ஏன்னு ஞாபகம் இருக்கா?"

"நான் நல்லா சாப்பிட்டு ரெண்டு கிலோ தேறிட்டேன், நீங்க பழைய டிரை வெயிட்டுக்கே தண்ணிய எடுத்துட்டீங்க" என்றார் தையல்காரம்மா. சொல்லி முடிப்பதற்குள் அவருக்கே புரிந்து, வாயில் கை வைத்துக்கொண்டார்.

"அதேதான்" என்றார் சிஸ்டர். "அக்கா, உங்க செடிக்கு ஒண்ணும் இல்ல. சதை போட்டிருக்கு. வேரும் இலையுமா எடை கூடிருச்சு. முன்ன எட்டுன்னா அதுல கொஞ்சம் ஈரம் மிச்சம் இருந்துச்சு. இப்ப எட்டுன்னா எல்லாம் செடிதான், தண்ணியே இல்ல. டிரை வெயிட்டை ஏத்துங்க."

புயல் ஓடிப்போய் டெக்னீஷியனிடம் தண்ணீர் வாங்கி வந்தாள். மெதுவாக ஊற்றினாள், கீழே வடிகிற வரைக்கும். சிஸ்டர் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, எட்டின் மேல் இருந்த சிவப்புக் கோட்டை அடித்துவிட்டு, எட்டு இருநூறில் புதுக் கோடு இழுத்தார். பக்கத்தில் தேதி போட்டு, நோயாளிகளின் சார்ட்டில் போடுகிற அதே சின்னக் கையெழுத்தையும் போட்டார். அந்த ஹாலில் எடை ஏறியதற்குக் கை தட்டி அதுவரை யாரும் கேட்டதில்லை. அன்றைக்குத் தட்டினார்கள்.

"இருநூறு கிராம்!" என்றார் கண்டக்டர். "நான் ஏத்திட்டு வந்தா திட்டு, அது ஏத்துனா கைதட்டா?"

"நீங்க ஏத்துறது தண்ணிண்ணே" என்றாள் புயல். "அது ஏத்துறது அது சொந்தமா சம்பாதிச்சது."

முதல் பேட்ச் முடிந்து ஆட்கள் வெளியே வரும்போது செடி தலை தூக்கியிருந்தது. மேல் கிளையின் நுனியில், இலைக்கு நடுவே, திருகிய பச்சைத் திரி போல ஒரு மொட்டு இருந்ததைத் தையல்காரம்மா கண்டுபிடித்தார். தொடாதே தொடாதே என்று எல்லாரும் ஒரே குரலில் சொன்னார்கள்.

புயல் மகளுக்குப் போன் போட்டாள். "நம்ம சிவப்புக் கோட்டை சிஸ்டர் அடிச்சுட்டாங்கடி. தப்பாப் போனதுக்கு இல்ல. புதுசாப் போட."

"சாயங்காலம் புது பேப்பர் வாங்கிட்டு வர்றேன்மா. இது பத்தாது" என்றாள் மகள். இந்தத் தடவை சிரிப்பு முடிய நேரமானது.

பெயின்ட்காரர்கள் மறுநாள் வந்தார்கள். பிளாஸ்டிக் செடிகள் பெட்டியோடு பில் கவுண்டருக்குப் போயின. தொட்டியை மூன்று நாள் தாழ்வாரத்து ஜன்னலோரம் வைத்தார்கள். யாரும் பெயின்ட் வாளியைப் பக்கத்தில் கொண்டுவராதபடி கண்டக்டர் தன் டயாலிசிஸ் இல்லாத நாளிலும் வந்து காவல் இருந்தார். சுவர் காய்ந்ததும் புயல் தொட்டியைப் பழைய இடத்தில் இறக்கி, மாப்பை நனைத்து, ஹாலின் அந்த மூலையிலிருந்து ஆரம்பித்தாள். பெஞ்சில் எல்லாக் கால்களும் தாமாகவே மேலே போயின. தொட்டியின் அருகில் வந்தபோது மட்டும் வேகம் குறைந்தது. தொட்டியின் அடியைச் சுற்றி, ஒரு சொட்டுத் தண்ணீர் கூட உள்ளே தெறிக்காமல், மெதுவாகத் துடைத்துவிட்டு, மறுபடி கிளம்பினாள்.